விலை கூடிய ஷூவுக்கு ஒரு சாட்சி

சுகிர்தராணிக்குக் கால்தான் பிழைப்பு. ஷார்ஜாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். டியூட்டி ஏறினால் இறங்குகிறவரை நிற்பதும் நடப்பதும்தான். உட்கார நாற்காலி உண்டு, உட்காரத்தான் நேரம் கிடையாது. போன பிறந்தநாளுக்கு அவள் கணவன் நேசையன் அந்தக் கால்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து ஒரு வெள்ளை ஷூ வாங்கிக் கொடுத்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நேசையன் ஏசி மெக்கானிக். தனக்கென்று எது வாங்கினாலும் ரோலா கடைத்தெருவில்தான், அதுவும் வாய் வலிக்கப் பேரம் பேசித்தான் வாங்குவான். மனைவிக்கு என்றதும் பெரிய மாலுக்குப் போனான். கடைக்காரன் காட்டியதில் எது விலை கூடியதோ அதைக் கட்டித் தரச் சொன்னான். கொளுத்தும் வெயிலில் மொட்டைமாடிகளில் ஓவர்டைம் பார்த்த காசு. அவன் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவன் சட்டையில் உப்புப் பூத்திருந்ததைத் துவைக்கும்போது அவளே பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

ஷூ முதல் நாளே கடித்தது. சுண்டுவிரல் பக்கம் ஒரு நெருக்கல், குதிகாலில் ஒரு குத்தல். நல்ல சாமான் காலுக்குப் பழக நாளாகும் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள். மலிவு ஷூ கடித்திருந்தால் கடைக்காரனைத் திட்டியிருப்பாள். விலை கூடியது கடித்ததால் தன் காலையே திட்டினாள். சர்க்கரை வந்துவிட்டதோ என்று பயந்து ரத்தப் பரிசோதனைகூடச் செய்துபார்த்தாள். சர்க்கரை இல்லை, வலி மட்டும்தான் இருந்தது. வாரம் போகப் போக, இந்தக் காலை வைத்துக்கொண்டு நர்ஸ் வேலை ஓடாது, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்கிற அளவுக்கு மனசு விட்டுப்போனது. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் நேசையன் ஆசையாகக் கேட்பான்.

"ஷூ எப்படி கெடக்கு?"

"நல்லா கெடக்கு" என்பாள். வேறு என்ன சொல்வாள் பாவம்.

சனிக்கிழமை காலைகளில் ரோலாவில் பெபின் என்பவரின் ஃபிளாட்டில் வீட்டு ஜெபம் நடக்கும். குமரி மாவட்டத்துக்காரர்கள்தான் முக்கால்வாசி. ஜெபத்துக்கு வருகிறவர்கள் செருப்பையெல்லாம் கதவுக்கு வெளியே கழற்றிப்போட, லிஃப்ட் வாசல்வரை ஒரு சந்தையே விரிந்து கிடக்கும். ஒரு சனிக்கிழமை ஜெபம் முடியுமுன்பே கீழே மருத்துவமனை வண்டி ஹாரன் அடித்தது. சுகிர்தராணி அரக்கப் பரக்க ஓடி, ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு டியூட்டி முடிகிறவரை கால் வலிக்கவில்லை. மறுநாளும் வலிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க வார்டில் ஒரு ஓட்டம் ஓடினாள் பாருங்கள், தலைமை நர்ஸே என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டாள். ஷூ ஒருவழியாகப் பழகிவிட்டது, ஆண்டவர் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தாள். நேசையனுக்குத் தலைகால் புரியவில்லை. சைட்டில் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் வெல கூடினா கூடினதுதான் என்று பெருமை அடித்தான்.

அடுத்த சனிக்கிழமை சாட்சி சொல்லும் நேரம் வந்தது. கிடைத்த நன்மையை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்லி நன்றி செலுத்துவது அங்கே வழக்கம். சுகிர்தராணி எழுந்தாள். கால் சுகமானதைச் சொன்னாள், கணவன் வாங்கித் தந்த ஷூவையும் சேர்த்துச் சொன்னாள். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நேசையன் கூச்சத்தில் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சாட்சி முடிந்து ஜெப விண்ணப்பம். ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா வேலை பார்க்கும் சுபிஷா எழுந்தாள். போன வாரத்திலிருந்து திடீரென்று காலில் வலி, சுண்டுவிரல் பக்கம் நெருக்குகிறது, குதிகால் குத்துகிறது, எனக்காகவும் ஜெபியுங்கள் என்றாள்.

சுகிர்தராணி தன் காலைக் குனிந்து பார்த்தாள். கண்ணை மூடினாளே தவிர, ஜெபம் ஒன்றும் காதில் ஏறவில்லை. ஆமென் சொன்னதும் வெளியே வந்து, தான் கழற்றிப்போட்ட ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு. அவள் வைத்த பொட்டு இல்லை. பின்னாலேயே வந்த சுபிஷா அதைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, இது எனக்கதாக்கும். மாறிப் போவும்னு நாந்தான் பொட்டு வச்சேன்." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள், "அப்போ இந்த ஒரு வாரமா நான் பட்டது ஒங்க வலியா?"

சுபிஷாவின் ஷூ ரோலாக் கடையில் வாங்கியது. வெளியே பார்த்தால் விலை கூடியதற்கு அச்சாக அதே மாதிரி, விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஒங்களுக்குத்தான் நின்னு பாக்குற வேலை, நீங்களே வச்சுக்கிடுங்க என்று சுபிஷா மனசாரச் சொன்னாள். சுகிர்தராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது நேசையன் இன்னும் சாட்சியின் சந்தோஷத்திலேயே மிதந்துகொண்டிருந்தான். அவளுக்கு ஒவ்வொரு எட்டும் தைத்தது. வாயைத் திறந்தால் அவன் முகம் சுருங்கும், திறக்காவிட்டால் வேலை போகும். பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் நின்றுவிட்டாள். கடித்தது, மறைத்தது, மாறியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

நேசையன் முகம் சுருங்கத்தான் செய்தது. பிறகு அங்கே இருந்த பெஞ்சில் அவளை உட்காரவைத்து, நாலு பேர் போய் வருகிற இடம் என்றும் பார்க்காமல் ஷூவைக் கழற்றினான். சுண்டுவிரல் ஓரம் சிவந்து காய்த்துப்போயிருந்தது.

"கடைக்காரன்ட்ட எல்லாம் கேட்டேன்" என்றான். "உனக்க கால கேக்கல, பாத்தியா."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அது வலியால் அல்ல.

சுபிஷாவுக்குப் போன் போட்டுக் கடையை விசாரித்துக்கொண்டு நேரே அங்கே போனார்கள். கடைக்காரன் முதலில் எடுத்துக் கொடுத்த ஜோடி சுபிஷாவுடையதைவிட மலிவு, ஆனால் அதுவும் கடித்தது. நேசையன் அசரவில்லை. ஷூ முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான், கடைக்குள்ளேயே அவளை நடக்கவைத்தான், ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தைப் பார்த்தான். விலையை மட்டும் கடைசியில்தான் கேட்டான். அன்றைக்குப் பேரம்கூடப் பேசவில்லை. விலை கூடிய ஷூ வீணாகவும் இல்லை. வார்டில் கூட இருக்கும் ரஹீமா பீவிக்குக் கால் ஒடுக்கம். அவள் போட்டுப் பார்த்துவிட்டு மெத்தையில் நடக்கிற மாதிரி இருக்கு என்றாள், அவளுக்கே கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை சுகிர்தராணி மறுபடி எழுந்து நின்றாள். போன வாரச் சாட்சியில் ஒரு திருத்தம் இருக்கிறது, நான் புகழ்ந்தது சுபிஷாவின் ஷூவை என்றாள். வீடே சிரித்தது. சுபிஷாவுக்கு நன்றி சொன்னாள். கணவனைப் பற்றி என்னவோ சொல்ல வந்து, அவன் பக்கம் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சொல்ல வந்தது இதுதான். இப்போதும் அவள் டியூட்டி முடிந்து கதவைத் திறந்ததும் நேசையன் கேட்கிறான். கேள்வி மட்டும் மாறியிருக்கிறது.

"காலு எப்படி கெடக்கு?"

"நல்லா கெடக்கு" என்கிறாள் சுகிர்தராணி. இப்போது அது பொய்யில்லை.