நூற்றுப்பத்தில் நின்ற முள்

மருத்துவர் ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் டெஸ்மண்ட் ஆர்கெலின் முன்னால் நகர்த்தினார்.

"ஒரு கடிகாரம் வரைங்க, மிஸ்டர் ஆர்கெல். எண்ணெல்லாம் போட்டுட்டு, பதினொன்னு பத்துன்னு காட்டுற மாதிரி முள்ளை வையுங்க."

டெஸ்மண்ட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரையத் தொடங்கினார். வட்டம் கருவி வைத்து இழுத்ததுபோல் வந்தது. எண்கள் இடப்பக்கத்தின் அடியில் சுழியத்தில் தொடங்கி, பத்துப் பத்தாக ஏறி, வலப்பக்கம் நூற்றிருபதில் இறங்கி முடிந்தன. நடுவே ஐந்து இலக்கங்களுக்கு ஒரு சிறு சன்னல். முள் ஒன்றே ஒன்று. அது நூற்றுப்பத்தில் நின்றது.

"எங்க வண்டி ஜென்மத்துக்கும் இந்த வேகம் போகாது டாக்டர். நீங்க ஆசைப்பட்டீங்களேன்னு வச்சேன்."

மருத்துவர் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த டெஸ்மண்டின் மனைவி வினிஃப்ரட் மட்டும் சற்றுத் தாமதமாகச் சிரித்தாள். பிறகு அவசரமாக விளக்கினாள்.

"அவர் வேகமானி செய்யுற ஃபேக்டரியில முப்பத்தோரு வருஷம் இருந்தவர். அங்க எல்லாரும் அதைக் கடிகாரம்னுதான் சொல்வாங்க. பழைய கார் விக்கிறவன்கூட 'கடிகாரத்துல அறுபதாயிரம் மைல்'னுதானே சொல்றான்? பதினோரு பத்து நூத்திப்பத்து; நீங்க கேட்டதைத்தான் அவர் போட்டிருக்காரு."

"நியாயம்தான்" என்றார் மருத்துவர். "ஆனா இது எந்த மாசம்னு அவரால சொல்ல முடியலையே, மிஸஸ் ஆர்கெல். அடுத்த வியாழக்கிழமை வாங்க. அவர் கார் ஓட்டுறதைப் பத்தி அன்னைக்கு முடிவு பண்ணுவோம்."

முடிவு என்னவென்று வினிஃப்ரட்டுக்கு, டெஸ்மண்டின் வின்னுக்கு, தெரியும். மருத்துவர் ஒரு கடிதம் எழுதுவார்; ஓட்டுநர் உரிமம் அதை வழங்கிய ஸ்வான்சீ அலுவலகத்துக்கே திரும்பிப் போகும். கவென்ட்ரியில் அவர்களுடைய சிவப்புச் செங்கல் வீட்டில், மாடிப்படியின் நடுவில் நின்று, ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று டெஸ்மண்ட் யோசிக்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. ஆனால், 1969இல் வாங்கிய அந்தப் பச்சை நிற இரட்டை இருக்கைக் காரில் அமர்ந்துவிட்டால் அவர் பழைய டெஸ்மண்ட்தான். கியர் மாற்றும் கை ஒருநாளும் தடுமாறியதில்லை. வின்னுக்கு அந்தக் காரின்மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. அது நெஞ்சைக் குலுக்கும், மழை பெய்தால் கூரை ஒழுகும். இருந்தாலும், அவள் மணந்துகொண்ட மனிதர் மிச்சமிருந்த ஒரே இடம் அந்த ஓட்டுநர் இருக்கை. அதையும் பறிகொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வறுத்த மாட்டிறைச்சியும் யார்க்‌ஷயர் புட்டிங்கும் சாப்பிட்ட பிறகு, வழக்கம்போல் பக்கத்து ஊரான கெனில்வொர்த் வரை போய்த் தேநீர் குடித்துவரக் கிளம்பினார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் டெஸ்மண்ட் வண்டியை ஓரங்கட்டினார்.

"கடிகாரம் செத்துப்போச்சு."

முள் சுழியத்தில் படுத்திருந்தது. வின்னுக்குள் விசித்திரமான ஒரு மகிழ்ச்சி எழுந்தது. தாளில் வைத்த சோதனையில் தோற்றால் என்ன? இது இரும்பில் வைத்த சோதனை. கோளாறை இவரே கண்டுபிடித்துவிட்டால், வியாழக்கிழமை மருத்துவரின் முன் அதை ஆதாரமாக வைக்கலாம்.

"உன்னால கண்டுபிடிக்க முடியுமா டெஸ்?"

"என்ன கேள்வி கேக்குற கிழவி? மீனைப் பார்த்து நீந்தத் தெரியுமான்னு கேப்பியா?"

வீட்டுக்குத் திரும்பியதும் வின் ஒரு துணிப்பட்டையால் முடியைக் கட்டிக்கொண்டு கொட்டகையில் அவருக்குத் துணை நின்றாள். திருப்புளியைத் தொடுவதற்கு முன்பு டெஸ்மண்ட் கைகட்டி நின்று யோசித்தார்.

"முதல்ல மைல் எண்ணைப் பார்க்கணும். முள் நின்னு எண் மட்டும் ஓடினா, நோய் கடிகாரத்துக்குள்ள. ரெண்டும் நின்னா கடிகாரம் நிரபராதி. கியர்பாக்ஸுல இருந்து அதுக்கு வர்ற கேபிள்ல குற்றம். புறப்படும்போது கடைசி எண் நாலு. இப்பவும் நாலு."

"அப்போ கேபிள் அறுந்திருக்கு."

"அவசரப்படாதே. அவசரக்காரன்தான் நல்ல கேபிளைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குவான்."

வின் அந்தச் சொற்களை ஒன்றுவிடாமல் மனத்தில் குறித்துக்கொண்டாள். ஒரு வாக்கியம்கூடத் தடம் புரளவில்லை. அவர் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினார், மறுசக்கரத்துக்கு மறக்காமல் கட்டை வைத்தார், கியரை விடுவித்தார். பிறகு இருக்கையில் மல்லாந்து படுத்து, தலையையும் ஒரு கையையும் வேகமானியின் பின்பக்கத்துக்குள் நுழைத்துக்கொண்டார். கால்கள் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"சக்கரத்தைக் கையால சுத்து வின்னி. மெதுவா. சமையல் மாதிரி அடிப்பிடிக்க விட்டுடாதே."

"வெளிய வா, உன் காலை ஒடிக்கிறேன்."

அவள் சுற்றினாள். உள்ளேயிருந்து, வியப்போடு குரல் வந்தது.

"கேபிள் சுத்துது! புதுசு மாதிரி இருக்கு. ஆனா கடிகாரத்துல மாட்டாமலே கிடக்கு. எவனோ கழட்டிட்டு அப்படியே விட்டுட்டான். நுனியில துணி வேற கட்டியிருக்கான். எந்த கசாப்புக்காரன்டா என் வண்டியில கை வச்சது? இவனையெல்லாம் கார் பக்கத்துலயே விடக்கூடாது!"

துணியை உருவியபோது அதோடு கட்டியிருந்த பழுப்பு அட்டை ஒன்று தரைவிரிப்பில் விழுந்தது. முதலில் கண்டது வின்தான். சாய்வில்லாத, அச்சுப்போன்ற எழுத்து. அந்தக் கையெழுத்தில்தான் அவளுக்குக் காதல் கடிதங்கள் வந்தன.

"செவ்வாய். கேபிளுக்கு கிரீஸ் போட்டாயிற்று. நாளை மாட்ட வேண்டும். டெ. ஆ."

செவ்வாய்க்கிழமை மாலை முழுவதும் அவர் கொட்டகையில் இருந்ததும், கையில் கிரீஸோடு சாப்பிட உட்கார்ந்ததற்கு அவள் திட்டியதும் நினைவுக்கு வந்தன. அவள் அட்டையை மடித்து மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கோளாறைக் கண்டுபிடித்தார் என்பது உண்மைதானே? மருத்துவருக்கு அதுவரை சொன்னால் போதாதா?

டெஸ்மண்ட் நெளிந்து வெளியே வந்து உட்கார்ந்தார்.

"பையில என்ன?"

"ஒண்ணுமில்ல. பழைய ரசீது."

"முப்பது வருஷமா உனக்குப் பொய் சொல்ல வரல. குடு."

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் கொடுத்தாள். அவர் ஒருமுறை படித்தார்; கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டையைக் கண்ணுக்கருகில் கொண்டுபோய் மறுபடியும் படித்தார்.

"இதை எழுதினது எனக்கு ஞாபகமே இல்ல, வின்" என்றார். அந்தக் குரலில் கேலி இல்லை.

பிறகு மறுபடியும் படுத்துக் கையை உள்ளே விட்டார். விரல்கள் தாமாகவே மரையைக் கண்டுபிடித்து முடுக்கின. வின் சக்கரத்தைச் சுற்றியபோது முள் அரைகுறையாகத் துள்ளியது.

கொட்டகை அலமாரியில் ஒரு மரப்பெட்டி உண்டு. காருக்குச் செய்த ஒவ்வொரு வேலைக்கும், தொழிற்சாலைப் பழக்கப்படி, மூன்று கட்டங்கள் கொண்ட அட்டை ஒன்றை டெஸ்மண்ட் எழுதி வைத்திருந்தார். புதிய அட்டை எடுத்து நிரப்பினார்.

கோளாறு: கடிகாரம் ஓடவில்லை.
காரணம்: பழுது பார்த்தவர்.
தீர்வு:

மூன்றாவது கட்டத்தின்மேல் பேனா வெகுநேரம் நின்றது. அவர் எழுதவில்லை. பேனாவை மூடி, சட்டைப்பையிலிருந்த கார்ச் சாவியை எடுத்து அந்தக் கட்டத்தின்மேல் வைத்து, அட்டையோடு அவள் பக்கம் நகர்த்தினார்.

"டெஸ், வியாழக்கிழமை வரைக்குமாவது..."

"வேண்டாம். நாளைக்கு பிரேக்கைக் கழட்டிட்டு மறந்தா?"

அவள் சாவியைக் கையில் எடுத்தாள்.

"ஆனா கெனில்வொர்த்ல தேநீர் இன்னும் பாக்கியிருக்கு" என்றார் அவர். "உன் கால் கிளட்சுக்கு ஜென்ம விரோதி. பரவாயில்ல, ஓட்டு."

அத்தனை ஆண்டுகளில் அவள் அந்த இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. வண்டி இரண்டுமுறை உதறி நின்றது. மூன்றாம் முறை தெருவில் இறங்கியது. டெஸ்மண்ட் சாலையைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது. அதுக்கு மேல போகாதே, இங்க முப்பதுதான்."

"தெரியும்."

கெனில்வொர்த் சாலையின் மரங்களுக்கடியில் போகும்போது, அவர் வேகமானியின் கண்ணாடியை விரலால் தட்டினார்.

"நடுங்காம நிக்குது பாரு. யார் சரி பண்ணினது?"

வின் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீதான் டெஸ்."

"அப்படியா?" என்றார் அவர் மரியாதையோடு, வேறொருவரைப் பற்றிக் கேள்விப்பட்டதுபோல்.