மண்ணில் நின்ற வேர்முடிச்சு

எழுபதுகளின் கடைசியில், சோயா ரகங்களைச் சோதிக்க வேளாண்மை ஆபீசில் என்னைச் செட்டிகுளத்தில் தனியாகப் போட்டார்கள். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைந்த அந்தக் கரிசலில் எந்த ரகம் வேரில் முடிச்சு கட்டி, காற்றிலிருந்து தழைச்சத்தான நைட்ரஜனைப் பிடிக்கிறது என்று பார்ப்பது என் வேலை. செடிகளைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர்கள் மொட்டையாக இருந்தன. ‘எதுவும் தேறாது’ என்று எழுதி அனுப்பினேன். வயலை உழுதுவிட உத்தரவு வந்தது.

உழவிருந்த அன்று காலை, களையெடுக்க வரும் பெண் ஒரு செடியைக் களைக்கொத்தால் மண்ணோடு பெயர்த்துத் தண்ணீரில் அலசிக் காட்டினார். வேரெங்கும் முடிச்சுகள்.

“இழுத்துப் புடுங்குனா முடிச்செல்லாம் மண்ணுலயே அறுந்து நின்னுடும், சார்.”

“முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“நீங்கதான் யார்கிட்டயும் பேச மாட்டீங்களே.”

என் தவறை ஒப்புக்கொண்டு அன்றே ஆபீசுக்கு எழுதினேன். ஆனால், பேச்சுத்துணைக்கு ஆளில்லை என்று வாராவாரம் அம்மாவுக்கு எழுதிக்கொண்டிருந்த நான், அதுவரை அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டதில்லை.