வேரில் கண்ட மைசீலியம்

கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கிராணியாக ஆபீஸ் வேலை பார்த்தபோது, வேர் நோயைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். சப்பாத்தில் மண் ஒட்டினாலே முகம் சுளிக்கிற மனிதர். வேரில் வெள்ளை நூலாகப் படரும் பூஞ்சைக்கு மைசீலியம் என்று பெயராம். பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் பெண்களை அதை மூன்று முறை சொல்ல வைத்தார். அவர்கள் எத்தனையோ வருடமாக அந்த நூலைப் பார்த்தே நோய் கண்ட மரத்தைக் காட்டிக் கொடுப்பவர்கள்.

பிறகு ஒரு மரத்தடியைத் தோண்ட வைத்து, மண்ணிலிருந்து வெள்ளை நூல் ஒன்றை உருவினார்.

"இதுதான் மைசீலியம்."

"அது உரச் சாக்கு தைக்கிற நூலு சார்," என்றாள் தோண்டிய பெண். "நோவு கண்ட மரம் அடுத்த நிரையில இருக்கு லா."

"படிச்சது நானா, நீயா?" என்றவர், வெட்டிச் சாய்க்க வேண்டிய மரம் என்று அடையாளத்துக்குச் சிவப்புச் சாயம் பூசச் சொன்னார்.

வெட்டிச் சாய்த்தபோது வேர் சுத்தமாக இருந்தது. அடுத்த நிரையில் அந்த வருடமே ஏழு மரங்கள் பட்டுப்போயின. ரிப்போர்ட்டில் மட்டும் மைசீலியம் கண்டுபிடிக்கப்பட்டதாக அழகான கையெழுத்தில் இருக்கிறது. எழுதியவன் நான்.