பச்சை பூசி மறைத்த வாழைத்தோட்டம்

வீரம்மாள் மதினியிடம் யாராவது ஏதாவது கேட்டால் அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். கேட்டவரின் கையைப் பார்ப்பாள். கையில் காகிதமோ பென்சிலோ இருந்தால் அன்றைக்கு அவளுக்குக் காது கேட்காது.

என் ஒன்றுவிட்ட அண்ணன் சின்னச்சாமியின் பெண்டாட்டி அவள். ஆடலூருக்கு மேலே இரண்டு மைல் ஏறினால் எங்கள் ஊர். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். பன்னிரண்டு வருஷம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்தும் அவளிடம் எத்தனை கோழி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "ஏதோ நாலஞ்சு கெடக்கு" என்பாள். விடியற்காலைச் சத்தத்தை வைத்துச் சொல்கிறேன், பதினைந்துக்குக் குறையாது.

எண்ணிச் சொன்னால் குறைந்துபோகும் என்கிற பயம் எங்கள் பக்கம் எல்லாருக்கும் உண்டு. படியில் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்றுதான் ஆரம்பிப்போம். காய்த்த மரத்தை விரல் நீட்டி எண்ண மாட்டோம். எங்களுக்கெல்லாம் அது வெறும் பழக்கம். மதினிக்கு அதுதான் வேலி.

வேலி போடுகிற அளவுக்கு அவளிடம் இருந்தது ஒரே ஒரு இடம். ஊருக்குக் கீழே ஓடுகிற ஓடைக்கு அந்தக் கரையில் முக்கால் ஏக்கர் சரிவு. அதற்கு அப்பால் காடு. மாமனார் காலத்தில் திருத்திய இடம் என்பார்கள். முன்னால் ஒரு தடவை கணக்கு எழுத ஆள் வந்தபோது, வரி போட்டுவிடுவார்களோ என்று பயந்து அண்ணன், "அது காடுங்க" என்று சொல்லிவிட்டார். அவர்களும் காடு என்றே எழுதிக்கொண்டு போனார்கள். ஐம்பத்தைந்தாம் வருஷம் காய்ச்சல் வந்து அண்ணன் போய்ச் சேர்ந்தார். மகள் கண்மணிக்கு அப்போது ஆறு வயது. அந்தச் சரிவில் இருந்த மலைவாழையும் மிளகும் கொஞ்சம் காப்பியும்தான் தாயும் மகளும் குடித்த கஞ்சி. அது போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். அவள் மட்டும் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்துக்கு ஒருநாள் போன வழியில் மறுநாள் போக மாட்டாள். வாரா வாரம் பொதிக்குதிரையோடு வந்து காய் எடுக்கிற பிச்சை முகம்மது பாயிடம்கூட உண்மை சொன்னதில்லை.

"யாரு தோட்டத்துக் காய்மா இது? நல்லா வெளஞ்சிருக்கே."

"அங்கங்க வாங்கிச் சேத்ததுங்க பாய். நமக்கேது தோட்டம்?"

பாய் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அறுபத்திரண்டில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை ஹைஸ்கூலாக்கினார்கள். தகரக் கொட்டகை இரண்டு புதிதாக வந்தது. சரித்திரம், பூகோளம், குடிமைப் பாடம் மூன்றுக்கும் சேர்த்துப் பழனியிலிருந்து ஞானவேல் என்று ஒரு வாத்தியார் வந்தார். கண்மணி அப்போது ஒன்பதாவது. படிக்கிற பாடத்தைச் சத்தம் போட்டுத்தான் படிப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டே குடிமக்களின் உரிமைகள், கடமைகள் எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன்.

மதினிக்கு அந்தப் பாடத்தின் மேலேயே சந்தேகம்.

"ஐந்தாண்டுத் திட்டமா? என்னத்துக்குடி அஞ்சு வருசம்? அதுக்குள்ள நம்மளக் கெளப்பவா?"

"அணை கட்டம்மா. பள்ளிக்கூடம் கட்ட."

"காட்டு வளம்னு ஒண்ணு படிச்சியே, அது யாரைக் கேட்டு எழுதுனது?"

கண்மணி புத்தகத்தை மூடிவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் அந்த வாத்தியார் ஒரு வேலை வைத்தார். அவரவர் ஊரை அவரவரே வரைந்துகொண்டு வர வேண்டும். தெரு, கோயில், கிணறு, ஓடை, எங்கே என்ன பயிர், எல்லாம். காட்டுக்குப் பச்சை, பயிர் நிலத்துக்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாகக் காலடியால் அளந்துகொண்டு போனார். மதினி வீட்டு வாசலுக்கு வந்ததும் இவள் விளக்குமாற்றோடு குறுக்கே நின்றாள்.

"எங்க ஓடை எத்தனை அடின்னு தெரிஞ்சு ஒங்களுக்கு என்னங்க ஆகணும்?"

"எனக்கு ஒண்ணும் ஆக வேணாம்மா. பிள்ளைங்க கத்துக்கிறதுக்கு."

"ஓடையில குளிச்சு வளந்த பிள்ளைங்களுக்கு ஓடையக் கத்துக் குடுக்கவா பழனியில இருந்து வந்தீக?"

"சொந்த ஊரு எப்படி இருக்குன்னு காகிதத்துல பாக்கத் தெரியணுமில்லம்மா."

"பாத்துட்டு யார்ட்ட குடுப்பீக?"

"செவுத்துல மாட்டுவேன்."

"செவுத்துல மாட்டுனா வர்றவன் போறவன் பாப்பானே!"

அவர் நல்ல மனுஷன். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் மதினிக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் சுவர்மேல் தலையை நீட்டினாள்.

"சம்முகவள்ளி, அந்த ஆளு வாத்தியாரே இல்லடி. காட்டு ஆபீசு வேவுக்காரன். பிள்ளைங்கள வச்சே வீட்டுச் சங்கதிய எழுதி வாங்குறான்."

"வேவு பாக்குற அளவுக்கு நம்மகிட்ட என்ன மதினி இருக்கு?"

"ஒனக்கு ஒண்ணும் இல்ல, நீ பேசுவ."

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

கண்மணி படம் வரைந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கை சுத்தம். கோயில் மரத்தைக்கூட விடவில்லை. ஓடைக்கு அந்தக் கரைக்கு வந்து மஞ்சள் பென்சிலை எடுத்தாள். மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பச்சை போடு."

"அது நம்ம தோட்டம்மா. பயிருக்கு மஞ்சள்."

"காடுன்னு போடு. ஒங்கப்பா அப்படித்தான் சொன்னாரு."

"சாருக்குத் தெரிஞ்சா?"

"ஓடையத் தாண்டி அவரு வரல. எப்படித் தெரியும்? போடுடி."

கண்மணி அழுதுகொண்டே பச்சை பூசினாள். அழுதாலும் நன்றாகவே பூசினாள். அதற்கு முதல் மார்க்கு. படத்துக்குச் சட்டம் போட்டுக் கொட்டகைச் சுவரில் நடுநாயகமாக மாட்டினார் வாத்தியார். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

சித்திரையில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் சர்வேயர் ஒருவர் அளவுச் சங்கிலி பிடிக்கிற இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார். காட்டுக்கு எல்லைக் கல் நடுகிற சோலி. தங்க வேறு இடம் இல்லாமல் பள்ளிக்கூடக் கொட்டகையிலேயே ஜாகை. காலையில் எழுந்ததும் அவர் கண்ணில் படுவது கண்மணி வரைந்த படம்.

நாலாம் நாள் ஓடைக்கு இந்தக் கரையில் சுண்ணாம்பு அடித்த கல் நின்றது. மதினி தண்ணீர்க் குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"அய்யா, கல்லை எடுங்க. அந்தக் கரை எங்க தோட்டம்."

சர்வேயர் வயசாளி. கோபமே படாமல் பேசினார். "எங்க பழைய படத்துல காடுன்னுதான் இருக்கும்மா. சரி, ஊர்க்காரங்க என்ன சொல்றாங்கன்னு பாத்தேன். பள்ளிக்கூடத்துப் படத்துலயும் காடுதான். பச்சையாப் போட்டிருக்கே, ஒரு பொண்ணு கண்மணின்னு."

மதினி தானே கல்லைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

நல்லவேளை, பாய் பொதிக்குதிரையோடு வருகிற நாள் அது. அவரை இழுத்துக்கொண்டு வந்தேன்.

"பாய், ஒம்பது வருசமா இந்த அம்மா காய்தானே எடுக்குறீக? சொல்லுங்க."

பாய் தாடியைத் தடவினார். "எடுக்குறேன் தாயி. ஆனா எந்தத் தோட்டத்துக் காய்னு ஒருநாளும் சொன்னதில்லையே. அங்கங்க வாங்குனதுன்னாக. அல்லா மேல ஆணையா நான் எப்படிப் பொய் சொல்றது?"

என்னைக் கேட்டார்கள். தோட்டம் இருப்பது தெரியும், என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று தெரியாது என்றேன். அதுதான் நிஜம். ஒரு தடவைகூட அவள் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனதில்லை. யாரிடமும் சொல்லாமல் காத்த இடத்துக்கு இப்போது சாட்சி சொல்ல ஒரு ஆள் இல்லை.

கண்மணி போய் ஞானவேல் வாத்தியாரைக் கூட்டிவந்தாள். லீவுக்குப் பழனிக்குப் போகாமல் இங்கேயே இருந்தார். வந்து நின்றவுடன் அந்தப் பெண், "அது பொய்ப் படம் சார். மஞ்சள் போட வேண்டிய இடத்துல பச்சை போட்டேன்" என்றது. யார் போடச் சொன்னது என்று சொல்லவில்லை. வாத்தியாரும் கேட்கவில்லை. மதினியை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

"போய்ப் பாத்துருவோம் சார்," என்றார் சர்வேயரிடம். "நிலம் அங்கேதானே இருக்கு."

மதினி முன்னால் நடந்தாள். ஒரு நாளும் யாருக்கும் காட்டாத வழியில் நாங்கள் ஏழு பேர் பின்னால் போனோம். உள்ளே நுழைந்து பார்த்தேன். ஒரு களை கிடையாது. படி படியாகக் கல் அடுக்கி வரிசை வரிசையாக வாழை. முள்முருங்கை மரமெல்லாம் மிளகுக் கொடி. நடுவில் ஒரு பலா, அண்டா அகலத்துக்கு அடிமரம்.

சர்வேயர் காகிதத்தை எடுத்தார். "வாழை எத்தனை இருக்கும்மா?"

மதினி அவர் கையைப் பார்த்தாள். "இருக்கும்ங்க, கொஞ்சம்."

"கொஞ்சம்னு எழுத முடியாதும்மா. எண்ணிச் சொன்னாத்தான் நான் எழுதுவேன். நானே எண்ணட்டுமா?"

"வேணாம்!" என்று கத்திவிட்டாள். வேற்றாள் விரல் நீட்டுவதை அவளால் பார்க்க முடியாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் வாழைக் குத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

"லாபம்," என்றாள். "ரெண்டு. மூணு."

வெயில் உச்சிக்கு வருகிறவரைக்கும் எண்ணினாள். ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு. வாழை இருநூற்றுப் பதினாறு, மிளகு நாற்பத்தொன்று, காப்பி எழுபது. பலா ஒன்று. அது கண்மணி பிறந்த வருஷம் வைத்தது என்றாள். சர்வேயர் அடிமரத்தைக் கயிறு போட்டு அளந்தார், மிளகுக் கொடியின் கனத்தைப் பார்த்தார், கல் அடுக்கில் பாசி ஏறியிருப்பதைக் கீறிப் பார்த்தார்.

"நேத்து முந்தாநேத்துப் போட்டதில்ல," என்றார் சங்கிலிக்காரர்களிடம். "பழைய அனுபோகம். கல்லைத் தோட்டத்துக்கு மேல கொண்டுபோய் நடுங்க." அப்புறம் காகிதத்தை நீட்டினார். "பட்டா குடுக்குறது என் கையில இல்லம்மா. இங்க வெள்ளாமை நடக்குதுன்னு எழுதிட்டேன். மேல ஆபீசுக்கு மனு போடுங்க. இதுல ஒரு கையெழுத்து."

வேறு யாராக இருந்தாலும் அவர் காலில் விழுந்திருப்பார்கள். மதினி காகிதத்தை வாங்கி மகளிடம் கொடுத்தாள்.

"படி. ஒரு எழுத்து விடாமப் படி."

கண்மணி படித்தாள். தெற்கே ஓடை, வடக்கே காடு, கிழக்கே பாறை, மேற்கே பள்ளம்.

"பலா எங்கடி?"

"பலா எழுதல."

"எழுதச் சொல்லு."

சர்வேயர் சிரித்துக்கொண்டே எழுதினார். அதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பெயரைக் கிறுக்கினாள்.

வாத்தியார் கண்மணியிடம், "மார்க்கைக் குறைக்கத்தான் போறேன். தப்புன்னா தப்பு. வேற படம் வரைஞ்சு கொண்டா, பாக்கலாம்" என்றார். மதினி அவரிடம் ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டினாள். நன்றி என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. "எதுக்கும் அந்தப் பழைய படத்தைச் செவுத்துல இருந்து எறக்கிருங்க" என்றாள்.

மனு எழுதிப் போட்டது கண்மணிதான். பதில் வர இரண்டு வருஷம் ஆகும் என்று அப்போது தெரியாது.

புதுப் படம் வரைந்த அன்றும் நான் கூட இருந்தேன். ஓடையைத் தாண்டியதும் கண்மணி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"மஞ்சள் போடு," என்றாள் மதினி. போட்டு முடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குனிந்து, ஓடையிலிருந்து தோட்டத்துக்கு மகள் இழுக்கத் தொடங்கிய கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்தாள்.

"எடம் இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். வழியப் போடாத."

கண்மணி ரப்பரை எடுத்தாள்.