குழாய்க்குள்ள அடைஞ்ச சீலை

பேய், பிசாசு எண்டு ஆராவது கதை தொடங்கினால் தேத்தண்ணி போடுற சாட்டில குசினிக்குள்ள போற ஆள் நான். உதுகளில எனக்கு நம்பிக்கையும் இல்லை, பயமும் இல்லை. அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடம் விட்டனான், நாலு பேர் இருக்கிற இடத்தில வாய் திறக்கவும் கூச்சம். ஆனா இதை ஆருக்கும் சொல்லாமல் இருக்க ஏலாமல் கிடக்கு, அதுதான் எழுதுறன். கிழவிக்கு வயசுபோய் அறளை பேந்துபோச்சு எண்டு நீங்கள் சிரிச்சாலும் சரி. என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டது.

தொண்ணூறுகளில நடந்தது. ஸ்காபரோவில, வெக்ஸ்போர்ட் பக்கம், நாங்கள் ஒரு பழைய வீடு வாங்கி வந்த புதுசு. மேல ரெண்டு சின்ன அறை, ஒண்டில நானும் இவரும், மற்றதில வாடகைக்கு ஒரு குடும்பம். கீழ பேஸ்மென்ற் வெறும் சீமெந்தும் சிலந்தி வலையுமாக் கிடந்தது. அந்த வின்ரரிலதான் என்ர மகள் சுமதிக்குப் பிள்ளை பிறந்தது, பெட்டைப்பிள்ளை. அவையள் இருந்த அப்பார்ட்மென்றில ஹீற்றர் ஒழுங்கா வேலை செய்யாது, சன்னலால குளிர் அடிக்கும். "அம்மா, பிள்ளையின்ர மூக்கு ஐஸ் மாதிரிக் கிடக்கு" எண்டு சுமதி டெலிபோனில அழுவாள். முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிஞ்ச கையோட தாயையும் பிள்ளையையும் எங்கட பேஸ்மென்றுக்குக் கொண்டுவாறது எண்டு முடிவெடுத்தம். அதுக்குள்ள அங்க அறை கட்டி முடிக்கவேணும்.

மருமோன் ரவிக்குப் பிறம்ரனில வெயர்ஹவுஸில இரவு வேலை. விடிய நேர எங்களிட்ட வந்து, ஒரு பிளேன்ரீயைக் குடிச்சிட்டுக் கீழ இறங்கிவிடுவார். இவரும் அவருமா மரச்சட்டம் அடிச்சு, இடையில பஞ்சு வைச்சு, மேல ட்றைவோல் பலகை பூட்டினவை. ரெண்டு பேருக்கும் உந்த வேலை தெரியாது, தெரியாதெண்டு ஒப்புக்கொள்ளவும் மாட்டினம்.

"மாமா, சட்டம் சரிஞ்சு நிக்குது."

"சட்டம் நேர்தான். உம்மட கண்தான் நித்திரையில சரியுது."

மேல நிண்டு கேக்கிற எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாது. அவ்வளவு சந்தோசம் அந்த வீட்டில அப்ப.

கீழ ஒரு மூலையில ஃபர்னஸ் நிண்டது, அதுதான் வீட்டைச் சூடாக்கிற காஸ் மெஷின். அதுக்குக் கிட்ட வெளிச்சுவரால வந்த ஒரு தகரக் குழாய் வாயைத் திறந்தபடி கிடந்தது. கையை வைச்சால் வெளியில கிடக்கிற பனியின்ர காத்து அப்பிடியே உள்ள வரும்.

"வீட்டைச் சூடாக்கிப்போட்டுக் குளிர் வரவும் ஓட்டை வைச்சிருக்கிறான், ஆரோ ஒரு விசரன்" எண்டார் இவர்.

எனக்கும் அது சரியெண்டுதான் பட்டது. பிள்ளை பெத்த உடம்பு, பச்சைப்பிள்ளை, காத்துப் படலாமே? ஓடிப்போய் என்ர பழைய நூல்சீலை ஒண்டை, நீலக்கரை போட்ட வெள்ளைச் சீலை, எடுத்துக்கொண்டுவந்து குடுத்தன். இவர் அதைச் சுருட்டிக் குழாய்க்குள்ள அடைஞ்சார்.

அடுத்தநாள் விடியக் கீழ இறங்கிறன், சீலை பெயின்ற் வாளிக்கு மேல இருக்கு! விழுந்து கிடக்கேல்லை, கவனியுங்கோ, மடிச்சு வைச்சிருக்கு, கரையோட கரை பொருந்த, கடையில வாங்கின சீலை மாதிரி.

"இஞ்சேருமப்பா, நீரே எடுத்தனீர்?" எண்டு இவர் கேட்டார்.

"நான் ஏன் எடுக்கிறன்?"

ரவி வந்து சப்பாத்துக் கழட்ட முதலே இவர் பிடிச்சிட்டார். "தம்பி, பகிடி விடுற வயசே உமக்கு?"

"ஐயோ மாமா, நான் இரவிரவாப் பெட்டி தூக்கினனான். சீலை மடிக்கிற கையே இது? என்ர உடுப்பையே நான் மடிக்கிறேல்லை, உங்கட மகளைக் கேளுங்கோ."

வாடகைக்கு இருந்தவை எடுத்திருக்க ஏலாது, பேஸ்மென்ற் கதவு பூட்டு, திறப்பு இவரின்ர இடுப்பில. இவருக்கு ரோசம் வந்திட்டுது. திரும்ப அடைஞ்சார். திரும்பவும் வெளியில! ஒருக்கா ஏணிப்படியில, ஒருக்கா ரவியின்ர சாமான் பெட்டிக்கு மேல, எப்பவும் அதே மடிப்பு. நான் பயப்பிடேல்லை, உண்மையாச் சொல்லுறன், எனக்குக் கோவம்தான் வந்தது. எங்கட பிள்ளைக்குக் குளிர் பிடிக்கட்டும் எண்டு ஆரோ நிண்டு செய்யிற மாதிரி இருந்தது.

கடைசியில இவர் சொன்னார், "அந்தக் குழாய் வாயையே சுவரோட மூடுவம். பிறகு எடுக்கட்டும் பாப்பம்." ஒரு பொல்லால சீலையைக் குத்திக் குத்தி அடைய, தகர விளிம்பில மாட்டிப் பர்ரெண்டு கிழிஞ்சது. பக்கத்தில நிண்டு பாத்தனான், ஒரு சாண் நீளத்துக்குக் கிழியல். அதுக்கு மேல ட்றைவோல் பலகை வைச்சுச் சுத்திவர ஸ்குறூ பூட்டி, மூட்டெல்லாம் பூச்சுப் பூசி, பெயின்றும் அடிச்சாச்சு. இவர் சுவரில ஒரு தட்டுத் தட்டிப்போட்டுச் சிரிச்சார்.

மற்றநாள் விடிய புது அறைக்குப் பால் காய்ச்சிறது, பின்னேரம் சுமதியும் பிள்ளையும் வருகினம். எனக்குக் கால் நிலத்தில படேல்லை. பால்சட்டியோட நான் முன்னுக்கு இறங்கிறன், பின்னால இவர் தேங்காயோட, அவருக்குப் பின்னால ரவி. நல்ல வெளிச்சம், சின்னச் சன்னலால வெயில் உள்ள அடிக்குது. பிள்ளைக்கெண்டு வாங்கி வைச்ச தொட்டில் கட்டிலுக்குள்ள என்ர நீலக்கரைச் சீலை. மடிச்சபடி!

என்ர கையில பால் ஊத்துண்டுபோச்சு. சுவரைப் பாத்தால் சுவர் அப்பிடியே நிக்குது. ரவி போய்த் தொட, பெயின்ற் விரலில ஒட்டிக்கொண்டு வந்தது, அந்த ஒரு விரலடையாளத்தைத் தவிர வேற ஒரு கீறலும் இல்லை. நான் சீலையைத் தூக்கினன். இளஞ்சூடு. கொடியில காயப்போட்டு எடுத்த உடுப்பில ஒரு வெயில் மணம் வருமே, அது. ரொறன்ரோவில, வெளியில முழங்காலளவு பனி கிடக்கேக்கை! நம்பினால் நம்புங்கோ, விட்டால் விடுங்கோ.

இவர் கத்தியை எடுத்துச் சுவரை வெட்டினார். குழாய் வெறுமை. குளிர்காத்து மூண்டு பேற்ற முகத்திலயும் அடிச்சது.

அந்த நேரம் பாத்துக் கதவு மணி அடிச்சுது. பிள்ளை வர முதல் ஃபர்னஸைச் சரிபாக்கவேணும் எண்டு ரவி முந்தியே ஒரு ஆளுக்குச் சொல்லி வைச்சவர். சிவப்புத் தாடி வைச்ச வெள்ளைக்காரன். குழாயைப் பாத்தார், வெட்டின சுவரைப் பாத்தார், ரவியோட இங்கிலீசில வேகமாக் கதைச்சார். ரவியின்ர முகம் செத்துப்போச்சு.

"என்ன தம்பி சொல்லுறார்?"

"மாமா, உந்தக் குழாயாலதான் ஃபர்னஸ் மூச்செடுக்கிறதாம். அறையை இறுக்கிக் கட்டிப்போட்டு உதையும் அடைச்சால் நச்சுக்காத்து வீட்டுக்குள்ள திரும்புமாம். மணக்காதாம். நித்திரை மாதிரித்தானாம், பிறகு எழும்ப..." ரவி தொட்டில் கட்டிலைப் பாத்தார். "சின்ன உடம்பைத்தான் முதல் பிடிக்குமாம், மாமி."

இவர் தேங்காயோட அப்பிடியே நிலத்தில குந்திட்டார். அடைஞ்சது நாங்கள். ஒவ்வொரு தரமும் எடுத்துவிட்டது ஆர்?

குழாய் வாய்க்கு நேர சுவரில கம்பிவலை பூட்டிக் காத்து வர விடச் சொல்லிப்போட்டு அந்த ஆள் போனார். நான் மிச்சப் பாலைக் காய்ச்சினன். பொங்கி நாலு பக்கமும் வழிஞ்சது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்டா வந்தது.

பின்னேரம் பிள்ளை வந்தது. கிடத்திறதுக்கு அந்தச் சீலையையே விரிச்சன், வேற ஒண்டையும் விரிக்க மனம் வரேல்லை. அப்பதான் கண்டன். தகரத்தில மாட்டிக் கிழிஞ்ச இடம் தைச்சிருக்கு! பச்சை நூலால, எறும்பு போற மாதிரிப் பொடித் தையல். எங்கட வீட்டில பச்சை நூலே இல்லை.

"சுமதி, வந்த கையோட நீயே இதைத் தைச்சனீ?"

"எனக்கெங்கையம்மா நேரம்? இவள் விட்டால்தானே."

அந்தச் சீலையில கிடந்துதான் பேத்தி வளந்தவள், இப்ப வேலைக்குப் போறாள். சீலை தோய்ச்சுத் தோய்ச்சு நைஞ்சு, தையல் இருக்கிற துண்டு மட்டும் என்ர அலுமாரியில கிடக்கு. சுத்தியிருக்கிற துணி தொட்டால் நூல்நூலாக் கழண்டு வருது, தையலில ஒரு இழை விடேல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு பக்கமும் எத்தினையோ தரம் திருப்பித் திருப்பிப் பாத்திட்டன். தொடங்கின இடத்திலயும் இல்லை, முடிஞ்ச இடத்திலயும் இல்லை. அந்தத் தையலுக்கு முடிச்சே இல்லை.