சிங்கப்பூருக்குப் போகாத சோமு

குணநாதனை விமானம் ஏறவிடாமல் செய்தவன் நான்தான். தயாரிப்பாளர் அல்ல. நான். இத்தனை வருடமாக எல்லோரிடமும் வேறு கதை சொல்லி வந்திருக்கிறேன். உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்...

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கண்டியில் ஆசிரியரானவன் நான். யுத்த காலத்தில் தொலைக்காட்சிக்கு ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதினேன். எந்நேரமும் சண்டை பிடிக்கும் ஒரு கணவன் மனைவி, அவர்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் சோமு, அவ்வளவுதான் கதை. கணவன் நான். சோமுவாக நடித்தவன் குணநாதன். யாழ்ப்பாணத்து இளைஞன், கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன்.

எழுதியது நான். சிரிக்க வைத்தது அவன்.

கடைத்தெருவில் சனங்கள் "சோமு, சோமு" என்று அவன் கையைப் பிடிப்பார்கள். என்னிடம், "நீங்க அந்த வீட்டுக்காரர்தானே?" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளே ஏதோ அரிக்கும்... அதற்குப் பெயர் வைக்க அப்போது எனக்குத் துணிவில்லை.

அந்தக் குடும்பம் சிங்கப்பூருக்கு உல்லாசப் பயணம் போவதாக ஒரு முழுநீளத் தொலைக்காட்சிப் படம் எடுக்கத் தீர்மானித்தார் தயாரிப்பாளர் சலீம் நானா. கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் புடைவைக் கடை வைத்திருந்தவர்.

"மாஸ்டர், எல்லாரையும் கூட்டிப் போக ஏலாது. கதைக்கு ஆரு தேவையோ அவங்கள எழுதுங்க. நீங்க எழுதினா நான் மறுக்க மாட்டன்" என்றார்.

மறுநாள் குணநாதன் என் வீட்டுக்கு வந்தான். கதிரையின் நுனியில் அமர்ந்தான்.

"மாஸ்டர், சோமுவும் போறான்தானே?"

"இன்னும் எழுதல தம்பி. ஏன் கேக்குறீங்க?"

"போனா நான் திரும்பி வரமாட்டன். அங்க என்ர மாமா இருக்கிறார். இஞ்ச பயமாக் கிடக்கு மாஸ்டர். போன கிழமையும் பொலிஸ்காரர் அறைக்கு வந்து விசாரிச்சவை. உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன்."

ஊரையே சிரிக்க வைத்த அந்த முகம் வெளிறிப்போயிருந்தது. "பாப்போம்" என்றேன்.

எழுத உட்கார்ந்தேன். நகரும் படிக்கட்டில் கால் வைக்கப் பயந்து தடுமாறும் காட்சியை முதலில் சோமுவுக்குத்தான் நினைத்திருந்தேன். நினைக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் வந்தால் படமே அவனுடையதாகிவிடும்... அந்தக் காட்சியை எனக்கு எழுதிக்கொண்டேன். சோமுவை வீட்டுக்குக் காவலாகக் கண்டியிலேயே நிறுத்திவிட்டேன்.

அவன் அங்கே தங்கிவிட்டால் எங்கள் எல்லோருக்கும் தொல்லை என்று எனக்கே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். நீங்கள் அதை நம்பிவிடாதீர்கள். அந்தப் பயம் பிறகு வந்தது. கைதட்டல் ஆசைதான் முதலில் வந்தது.

"சலீம் நானா முடியாதுன்னுட்டாரு தம்பி. நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன்" என்று அவனிடம் சொன்னேன்.

"பரவாயில்லை மாஸ்டர். நீங்கள் கேட்டதே பெரிசு" என்றான்.

நாங்கள் சிங்கப்பூரில் இருந்தபோது கண்டியில் இராணுவமும் பொலிசும் சேர்ந்து சுற்றிவளைப்பு நடத்தின. அவன் தங்கியிருந்த வீட்டிலிருந்த இளைஞர்களைக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். குணநாதன் வரவில்லை.

படம் ஒளிபரப்பானது. நகரும் படிக்கட்டுக் காட்சியில் வீடு வீடாகச் சிரித்தார்களாம். நான் கேட்டது கிடைத்தது. யாரிடம் அதைத் திருப்பிக் கொடுப்பது?

அவனுடைய தங்கை யாழ்ப்பாணத்திலிருந்து தேடி வந்தாள். பொலிஸ் நிலையம், முகாம் என்று அவளோடு தெல்தெனிய வரைக்கும் அலைந்தேன். எந்த வாசலிலும் பதில் இல்லை. அவளை பஸ் ஏற்றப் போனபோது கேட்டாள்:

"அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போக நீங்கள் சண்டையே பிடிச்சனீங்களாம். கடைசியாக் கதைக்கேக்க சொன்னவர். உண்மையோ மாஸ்டர்?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம்...

"ஆமாம்மா" என்றேன்.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் அழுகை எதற்கென்று அவளுக்குத் தெரியாது.

இப்போதும் பொங்கலுக்குப் பொங்கல் தொலைபேசியில் என் சுகம் விசாரிக்கிறாள். இந்த முறை சொல்லிவிடுவது என்றுதான் ஒவ்வொரு முறையும் எடுக்கிறேன். "சுகமா இருக்கிறீங்களோ மாஸ்டர்?" என்கிறாள். "சுகம்மா" என்கிறேன்.