இறால் பட்ட இடம்

தன்னாமுனை ஊர் வதனிக்கு இலவசமாக வருகிற எதன்மீதும் நம்பிக்கை கிடையாது. செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது அவள் தொழில். எந்தப் பொத்தானை எங்கே வைத்தால் மனிதர்கள் யோசிக்காமல் அமுக்குவார்கள் என்று தெரிந்தவளுக்கு நம்பிக்கை எப்படி வரும்?

மட்டக்களப்பு வாவி மீனவர்கள் இறாலை நேரே வியாபாரிக்கு விற்பதற்கென்று கொழும்புக் கம்பனியொன்று இலவசச் செயலி செய்தது. வதனி மட்டக்களப்பில் ஒரு மாடியறையிலிருந்து அதற்குத் திரை வரைந்தாள். முதலில் சோதித்துப் பார்த்தவள் மாமி சின்னத்தங்கம், மாமாவின் போனில். வலை வீசுவது மாமா, விற்பது மாமி.

‘இறால் பட்ட இடம்’ என்ற கட்டத்தில் மாமி ‘கல்லடிப் பாலத்தடி’ என்று எழுதினாள்.

“மாமா அந்தப் பக்கமே போறல்லயே மாமி?”

“போறல்லதான். பட்ட இடத்த ஆராவது சொல்லுவாங்களா புள்ள? உங்கட மாமா சொந்தத் தம்பிக்கே பொய்தான் சொல்லுற.”

மற்ற மீனவர்களும் அப்படியே. வாவியின் இறாலெல்லாம் பாலத்தடியிலேயே படுவதாகப் பதிவாயிற்று. மேலாளர் நிலோஜன் தொலைபேசியில் சீறினான்.

“கேட்டாத்தானே பொய் சொல்லுறாங்க. கேக்காத. வள்ளத்தில இரிக்கக்குள்ள போனே இடத்தப் பதியட்டும்.”

“வாங்குறவருக்கு இடம் எதுக்கு அண்ணன்?”

“பிரெஷ் எண்டு தெரியத்தான்.”

“அதுக்குப் பிடிச்ச நேரமே போதுமே.”

“நீ டிசைனரா, சீஐடியா?”

வதனி வாங்குபவரின் திரையையும் தானே வரைவதாகச் சொல்லி விவரம் கேட்டாள். வந்தது. அதில் எடையில்லை, விலையில்லை. வாவியின் வரைபடம் மட்டும். இறால் அதிகம் படும் இடமெல்லாம் சிவப்பு. பார்க்கப்போகிற வாடிக்கையாளர் ஒரே ஒருவர்: பண்ணை போட இடம் தேடும் இறால் கம்பனி.

அங்கே பண்ணை வேலி இறங்கினால் மாமாவின் வள்ளம் எங்கே போகும்? ஒருவன் வாய் திறந்து சொல்லாததை அவன் போனிலிருந்தே களவெடுப்பதற்குப் படித்தவர்கள் ‘வசதி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

புதுத் திரை அனுப்பினாள். ‘உங்கள் இடத்தைப் பண்ணைக் கம்பனிக்குக் காட்டலாமா?’ கீழே ஓம், இல்லை. இரண்டும் ஒரே அளவு.

“‘இல்லை’யச் சின்னதா, மங்கலா வை. இல்லாட்டி வேற ஆள வைப்பன்,” என்றான் நிலோஜன்.

“வேற ஆளையே வையுங்க,” என்றாள்.

நிலோஜனுக்கு வேறு ஆள் கிடைப்பது பெரிய காரியமல்ல. பின்னேரமே வாவிக்கரைக்குப் போய் மாமியிடம் எல்லாவற்றையும் சொல்லி, செயலியை அழிக்கச் சொன்னாள். மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இதக் கொண்டந்து தந்தது ஆரு?”

“நான்தான்.”

“அழிக்கச் சொல்லுறதும் நீதான். இதுல உனக்கு என்ன லாபம் புள்ள?”

சரியான கேள்வி. வதனிக்குச் சுட்டாலும் பிடித்திருந்தது.

“என்னையும் நம்பாதீங்க மாமி. இடத்தைக் கேக்காம எடுக்கிற ஒண்டு உங்களுக்கு வேணுமா? அத மட்டும் யோசிங்க.”

மாமி யோசித்தாள். பிறகு மாமாவின் போனை எடுத்துத் தன் விரலாலேயே செயலியை அழித்தாள்.

அடுத்த வள்ளத்தடியில் மீனவன் ரதீஸ் இதையெல்லாம் காதில் வாங்கியபடி வலை உதறிக்கொண்டிருந்தான். வதனி தன்னிடம் வருவதைக் கண்டதும் போனை எடுத்து இடுப்புச் சாரத்து மடியில் செருகிக்கொண்டான்.